நிலம் அடிப்படை உரிமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எட்டு வழிச் சாலைப் பேச்சு எழும்போதெல்லாம் சேலம் பக்கத்துக் கூட்டங்களில் ‘நிலம் எங்கள் அடிப்படை உரிமை’ என்ற முழக்கம் கேட்கிறது. முழக்கத்தில் நியாயம் உண்டு; அரசியலமைப்பில்தான் அது இல்லை. 1978-இல் வந்த 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து, 300ஏ பிரிவில் வைத்துவிட்டது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இது சின்ன வித்தியாசமல்ல. அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32ஆவது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். 300ஏ மட்டும் என்றால் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றம்தான் முதல் வாசல். நம் விவசாயிகளும் அங்கேதான் போனார்கள். 2019 ஏப்ரலில் நில எடுப்பு ரத்தானது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது வயிற்றெரிச்சலான தனிக்கதை.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். நாளிதழில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பை வயலில் நிற்பவர் எங்கே பார்ப்பது? ஊராட்சி அலுவலகப் பலகையிலும் பெரிய எழுத்தில், தமிழில், சர்வே எண்களோடு ஒட்ட மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகர்,
அயோத்தியாபட்டணம், சேலம்.