ராசியில்லாதவர் என்றார்கள், ஹோசா

அன்புள்ள மரியன் ஹோசா அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கு 2008, 2009இல் நடந்த இறுதித் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் உங்கள் பெயரைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடமும் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் பிட்ஸ்பர்க் பென்குயின்ஸும்தான் மோதின. முதல் வருடம் பிட்ஸ்பர்க்கில் இருந்து தோற்றீர்கள், அடுத்த வருடம் டெட்ராய்டுக்குப் போய் அங்கேயும் தோற்றீர்கள். மாற்று கோல்கீப்பர் டை காங்க்லினும் அதே வழியில் வந்தவர்தான். அவரைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு கிடையாது. 2008 ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்ஸ்பர்க் 3-1 என்று பின்தங்கியிருக்கிறது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாதபோது பவர் பிளேயில், அதாவது எதிரணியில் தண்டனையால் ஆள் குறைந்திருந்த நேரத்தில், ஒரு கோல் போட்டீர்கள். கடைசி நொடிகளில் நீங்கள் தட்டிவிட்ட பந்து, மன்னிக்கவும், பக் என்கிற அந்த ரப்பர் வட்டு, உள்ளே போகவில்லை. அது கோல் வாயை ஒட்டியே சறுக்கி மறுபக்கம் போனது. நேரம் முடிந்தது. உள்ளே போயிருந்தால் ஓவர்டைம்.

அந்தக் கோடையில் பிட்ஸ்பர்க் பல வருட ஒப்பந்தத்தை நீட்டியும், 74.5 லட்சம் டாலருக்கு ஒரே வருடம் என்று டெட்ராய்டில் கையெழுத்திட்டீர்கள். கோப்பை ஜெயிக்க அங்கேதான் அதிக வாய்ப்பு என்று கணக்குப் போட்டீர்கள். கணக்கில் என்ன பிசகு? லிட்ஸ்ட்ரோம், டட்சுக், செட்டர்பெர்க் என்று நட்சத்திரங்கள் இருந்த அணி அது. நீங்களும் அந்த சீசனில் 40 கோல் அடித்தீர்கள். இறுதித் தொடரில் ஒரு கோல்கூட விழவில்லை என்பது உண்மைதான், அதை மழுப்ப நான் வரவில்லை.

ஆனால் அந்தத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், 2009 ஜூன் 12, டெட்ராய்டின் ஜோ லூயிஸ் அரங்கு. முதல் ஆறு ஆட்டத்திலும் சொந்த ஊர்க்காரர்களே ஜெயித்திருந்தார்கள். பிட்ஸ்பர்க் கேப்டன் கிராஸ்பி நடுவில் அடிபட்டு அதன்பின் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார்; அன்றைக்கு பிட்ஸ்பர்க்கின் இரண்டு கோலையும் அடித்தவர் மேக்ஸிம் டால்போட்! ஸ்கோர் 2-1 ஆனபிறகு உங்கள் அணியின் க்ரான்வால் அடித்தது கோல் கம்பியில் பட்டுத் திரும்பியது. கடைசி நொடியில் லிட்ஸ்ட்ரோம் அடித்ததை பிட்ஸ்பர்க் கோல்கீப்பர் ஃப்ளூரி குறுக்கே பாய்ந்து உடம்பால் தடுத்தார். கம்பிக்கும் ஃப்ளூரிக்கும் நீங்கள் எப்படிப் பொறுப்பு?

இந்த ராசிப் பேச்சில் உங்கள் ஆட்டமே மறந்துபோகிறது. எதிரணிக்காரர் பக்கோடு ஓடும்போது பின்னாலிருந்து துரத்திவந்து, அவர் ஸ்டிக்கை லேசாகத் தூக்கி, பக்கைக் களவாடிக்கொண்டு திரும்புவீர்களே, அதற்கு எந்தக் கோப்பையும் தேவையில்லை.

2010இல் சிகாகோ அணியில் சேர்ந்து மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்து ஜெயித்தீர்கள். கேப்டன் டோஸ் கோப்பையை வாங்கியதும் முதலில் உங்கள் கையில்தான் கொடுத்தார். அப்புறம் 2013, 2015 என்று இன்னும் இரண்டு.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். தொடர் முடிந்ததும் இரு அணியும் வரிசையில் நின்று கைகுலுக்குமே, 2009இல் அந்த வரிசையில் உங்கள் பழைய பிட்ஸ்பர்க் கூட்டாளிகள் ஏதாவது சொன்னார்களா, இல்லை கையை மட்டும் குலுக்கிவிட்டு நகர்ந்தார்களா?

அன்புடன்,
ஒரு ரசிகன்