மஞ்சள் பூசிய மாவட்டம்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் காசநோய் வரைபடம் பார்த்தேன். கொழும்பு கடுஞ்சிவப்பு, திருகோணமலை வெளிறிய மஞ்சள். கீழே ஒரு வரி: மனநோயாளர் மருந்தை ஒழுங்காக எடுக்காததால்தான் கிழக்கில் நோய் நீடிக்கிறதாம். மேலே குறைவு, கீழே நீடிப்பு. எது சரியென்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

கொழும்பில் நெரிசலால் நோய் கூடத்தான். ஆனால் எண்ணிக்கையை வைத்து நிறம் தீட்டினால் சனம் கூடிய இடம் சிவக்காமல் என்ன செய்யும்? ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை என்று பார்ப்பதே முறை, தாங்கள் அறியாததல்ல. அதுவும் பதிவானோர் கணக்குத்தான். எங்கள் மாவட்டத்து வெருகலிலோ புல்மோட்டையிலோ இருமுகிறவர் பதிவேட்டுக்கு வர, முதலில் அவர் சளி ஆய்வுகூடத்துக்கு வரவேண்டும்.

மனநோயும் உள்ளவர் என்றால் அதுவும் சிக்கல். மெலிவு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் மனச்சோர்வின் கணக்கில் போய்விடும். மனநோய் மருந்தின் மயக்கத்தில் இருப்பவர் சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுப்பார். அறிக்கை 'இல்லை' என்று வரும். காலையில் எழுந்ததும் ஆழ்ந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் தேவை.

இனி அந்த 'ஒழுங்காக எடுக்காதவர்' கதை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், மற்ற மருந்துகளைச் சிதைக்கும் ஈரலின் நொதிகளைத் தூண்டிவிடும். இரண்டு கிழமைக்குள் ஹலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்துகளின் அளவு இரத்தத்தில் விழுந்துவிடும். நோயாளிக்கு அடங்கியிருந்த மாயக் குரல்கள் திரும்பக் கேட்கும். வீட்டார் காசநோய்க் குளிசையைக் குற்றம் சொல்லி நிறுத்துவார்கள். உளநல மருந்தின் அளவைக் கூட்டியிருக்க வேண்டும். ஆறு மாதச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் மறுபடி குறைக்கவும் வேண்டும். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோநியாசிட்டே சிலருக்கு மனக்குழப்பம் தரும். கூடவே பிரிடொக்சின் (விற்றமின் பி6) கொடுப்பது நரம்பையும் காக்க. ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவர் என்ன நினைப்பார்? இத்தனையும் மார்பு நோய்க் கிளினிக்கும் உளநலக் கிளினிக்கும் ஒன்றையொன்று கேட்டால் தீரும். பழியோ நோயாளி மேல்.

தங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. தலைப்புகளில் 'பைத்தியம்' என்று எழுதுவதை விடுங்கள் என்று எத்தனை வாசகர் எழுதியும் கேட்பாரில்லை. 2004 ஆழிப்பேரலைக்கும் 2006 மூதூர் இடப்பெயர்வுக்கும் ஆண்டுதோறும் அழும் தாய்மாரின் படம் வேண்டும்; உளநலக் கிளினிக் எந்தக் கிழமையில் என்று ஒரு வரி போட இடமில்லை. மாப்பிள்ளை தேவை விளம்பரத்துக்கு முழுப் பக்கம் உண்டு.

கேட்பது சிறிதே. அந்த வரியைத் திருத்துங்கள். பக்க மூலையில் ஒரு கட்டம் போடுங்கள்: இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் அரச வைத்தியசாலையில் சளிப் பரிசோதனை இலவசம், மனநோய்க்கு மருந்து எடுப்பவர் இரண்டு கிளினிக் கொப்பிகளையும் இரண்டு இடத்திலும் காட்டவும்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்,
உவர்மலை, திருகோணமலை.