பில்லில் பாதியில் நின்ற பெயர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதக் கடைசியில் நம் பில் மென்பொருளை வேறொரு வாடகை சர்வருக்கு (மென்பொருள் ஓடும் பொதுக் கணினிக்கு) மாற்றினோம். அன்றிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து அரிசி மண்டிகளில் ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்ற பெயர் ‘மாப்பி’ என்று நின்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி விழுகிறது. பிரிண்டர் கோளாறு என்று நினைத்துச் சிலர் மெக்கானிக்கைக்கூட அழைத்துவிட்டீர்கள். தவறு எங்களுடையது. மன்னியுங்கள்.

நடந்தது இதுதான். பில்லில் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியிருக்கிறோம். புது சர்வரில் அது 20 பைட்டாக எண்ணப்பட்டது; பைட் என்பது கணினி நினைவின் ஒரு சிறு அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கணினியில் 1 பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ‘ம’வுக்கு 3 பைட், அதன் துணைக்காலுக்குத் தனியாக இன்னொரு 3. இப்படி ‘மாப்பி’ முடிவதற்குள் 18 பைட் தீர்ந்துவிடும். மீதி 2 பைட்டில் ளகரத்தின் ஒரு துண்டுதான் ஏறும். அந்தத் துண்டுதான் கேள்விக்குறியாகத் தெரிகிறது.

நாங்கள் மென்பொருள் எழுதும் பி.எச்.பி என்ற கணினி மொழியின் சாதாரணக் கட்டளைகள் பைட்டைத்தான் எண்ணும். எழுத்தை உடைக்காமல் எண்ண ‘எம்பிஸ்ட்ரிங்’ என்ற கூடுதல் பாகம் வேண்டும். அது புது சர்வரில் இல்லை. இல்லாவிட்டால் பைட் கணக்குக்குப் போய்விடு என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம். அதனால் பிழைச் செய்தி எதுவும் வராமல் பெயர் மட்டும் வெட்டுப்பட்டது.

இந்தப் பாகம் பி.எச்.பி மொழியோடு சேர்ந்தே வரவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தமிழில் பில் போடுகிறவருக்குத் தமிழ் கூடுதல் வசதியா என்ன? பைத்தான் என்ற இன்னொரு கணினி மொழி 2008-இல் தன் 3-ஆம் பதிப்பிலேயே, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையை இயல்பாக்கிவிட்டது. பி.எச்.பி-யும் 6-ஆம் பதிப்பில் அடியோடு மாற முயன்று 2010-இல் கைவிட்டது. 2015-இல் நேராக 7 வந்தது. அத்தனை பெரிய மாற்றம்கூட வேண்டாம், இருக்கிற பாகத்தை எல்லா நிறுவலிலும் கட்டாயமாக்கினாலே எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்குப் பாதிக் கவலை தீரும். மீதிப் பாதியும் உண்டு: அந்தப் பாகம் உயிர்க்குறியைத் தனியாக எண்ணுவதால், வெட்டும் இடத்தில் ‘பி’ வெறும் ‘ப’ ஆகிவிடலாம். அதற்கும் வேறு கட்டளை இருக்கிறது. அதையே இனிப் பயன்படுத்துகிறோம்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. வெட்டு அச்சில் மட்டும்தான், கணக்கில் பெயர்கள் முழுசாக இருக்கின்றன. மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்தால் புதுப் பதிப்பு வந்துவிடும். அப்புறம், குறைபட்ட பில்களை மறுபடி அடிக்க வேண்டுமென்றால் போன் செய்யுங்கள், கடைக்கே ஆள் அனுப்புகிறோம். கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் பில் மென்பொருள் குழு,
கும்பகோணம்