முன்பிரேக்கின் மேல் ஏன் இந்த அச்சம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறவர்களிடம் முதல் நாளே, "முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்; பல ஆண்டுகள் வலது கைப் பக்கத்து லீவரைத் தொடாமலே ஓட்டினேன். ஒருநாள் குறுக்கே ஓடிவந்த நாயைக் கண்டு பின்பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபோது, பின்சக்கரம் சுழல்வதை நிறுத்தி வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றதே தவிர, வேகம் நான் எதிர்பார்த்த அளவில் பாதிகூடக் குறையவில்லை. அன்று விபத்து நேராமல் போனதற்குக் காரணம் நாயின் சுறுசுறுப்பேயன்றி என் திறமையன்று.

வண்டியின் வேகம் குறையத் தொடங்கியதும் பாரம் முன்பக்கமாகச் சாய்ந்து, முன்டயர் தரையில் அழுந்தி அதன் பிடிமானம் கூடுகிறது. அதே நேரத்தில் பின்டயரின் மேல் இருக்கும் பாரம் குறைவதால், அது எளிதில் சறுக்குகிறது. உலர்ந்த தார்ச் சாலையில் வண்டியை நிறுத்தும் விசையில் பெரும்பங்கு முன்சக்கரத்திலிருந்தே கிடைப்பதும், டிஸ்க் பிரேக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் பெரிய டிஸ்க் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) முன்னால் இருப்பதும் இதனால்தான். ஆளைக் கீழே தள்ளுவது, பாரம் முன்னே வந்து சேரும் முன்பே லீவரை வெடுக்கென்று இறுக்கும் பழக்கம். முதலில் மெல்ல அழுத்தி, முன்பக்கம் தாழ்வதை உணர்ந்த பின் அழுத்தத்தைக் கூட்டினால், அதே பிரேக் வண்டியை நேராக நிறுத்தும். இதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

மணல், ஈரம், சாலையில் பூசிய வண்ணக்கோடுகள் ஆகியவற்றின் மேல் இரு பிரேக்குகளையும் மென்மையாகவே பயன்படுத்த வேண்டும்; வளைவுக்கான வேகத்தை வண்டி சாய்வதற்கு முன்பே, நேராகச் செல்லும்போதே குறைத்துவிட வேண்டும். ஏபிஎஸ் என்னும் தானியங்கி பிரேக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறதே என்ற துணிச்சலும் ஓரளவுக்கே உதவும். அது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமேயன்றி, டயருக்கு இல்லாத பிடிமானத்தை உண்டாக்கித் தராது. ஏபிஎஸ் இயங்கும்போது லீவர் துடிப்பதைக் கண்டு பயந்து கையை விடுகிறவர்களும் உண்டு. அப்போது அழுத்தத்தைத் தளர்த்தவே கூடாது.

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், பிரேக் பிடிக்க ஒரு நொடி தாமதித்தாலே 17 மீட்டர் கடந்துவிடுகிறார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், வண்டியின் கையேடு குறிப்பிடும் காலத்தில், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதை மாற்றுவது அவசியம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் முன்பிரேக்கை விலக்கி வைக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஆளில்லாத உலர்ந்த திடலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும் பயிற்சியைப் பலமுறை செய்யவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்