கலக்க மாட்டேங்கிறாங்க என்றாயே

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில், ஜெர்மனியில் உன் கீழ்வீட்டில் இருக்கிற துருக்கிக்காரர்களைப் பற்றி நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார், ஆரம்பித்தால் உங்கள் இருவருக்கும் சண்டையில்தான் முடியும் என்று விட்டுவிட்டேன். "ஊரோட கலக்க மாட்டேங்கிறாங்க, நாற்பது வருஷமா இருக்காங்க, அந்தப் பாட்டிக்கு இன்னும் ஜெர்மன் வரலை, அவங்க கடை, அவங்க பள்ளிவாசல், அவங்க டிவின்னு இருந்தா ஊர்க்காரங்களுக்குக் கோபம் வராதா, அந்தக் கோபம் கடைசியில எங்க மேலயும்தான் விழுது" என்றாய். கடைசியில் சொன்னது உண்மை, அதில் இருக்கிற பயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் நீயாக யோசித்தது மாதிரித் தெரியவில்லை, ஆபீஸ் கேன்டீனில் யாரோ பேசியதை அப்படியே கொண்டுவந்து என்னிடம் கொட்டுகிறாய்.

இந்தப் பேச்சு அங்கே புதிதும் கிடையாது. 2010 அக்டோபரில் அப்போதைய ஜெர்மன் பிரதமர் மெர்கல் போட்ஸ்டாம் நகரத்தில் தன் கட்சியின் இளைஞர்கள் மத்தியில், பல பண்பாட்டுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் சும்மா வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணம் முழுசாகத் தோற்றுவிட்டது என்று பேசினார். அடுத்த பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் கேமரூன் மியூனிக்கில் போய்க் கிட்டத்தட்ட அதையே சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம், தோற்றது எது? ஒன்றைச் செய்து பார்த்தால்தானே அது தோற்கும். 1961ல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தபோது, இரண்டு வருஷம் வேலை பார், பிறகு ஊருக்குப் போ என்பதுதான் கணக்கு. பழகின ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடியும் வேலை சொல்லிக்கொடுக்க முதலாளிகளுக்கு மனசில்லை, 1964ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 1973ல் ஆள் எடுப்பதையே நிறுத்தியதும், இனி ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று பயந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை அங்கேயே வரவழைத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு அறுநூறு மணி நேர மொழி வகுப்பு என்று அரசாங்கம் முறையாக ஒரு ஏற்பாடு செய்தது எப்போது தெரியுமா, 2005ல். ஒப்பந்தம் போட்டு 44 வருஷம் கழித்து. அதற்குள் உன் கீழ்வீட்டுப் பாட்டிக்கு மூட்டுவலியே வந்திருக்கும், அந்த அம்மாவைப் பார்த்து ஏன் ஜெர்மன் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

இதை நான் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, நம் லைன் வீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. பின்னால் இருக்கும் இரண்டு போர்ஷனை ஒடிசாப் பையன்களுக்கு விட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆரம்பத்தில் விருப்பமில்லை, தெருவில் இரண்டு பேர் வந்து "இந்திக்காரங்களுக்கு விடாதீங்க, ஒருத்தருக்குன்னு விட்டா எட்டு பேர் இருப்பாங்க" என்றார்கள். எட்டு பேர் இருக்கத்தான் செய்வார்கள், ஓசூரில் இப்போதிருக்கிற வாடகைக்கு ஒருத்தன் சம்பளத்தில் ஒரு போர்ஷன் எடுக்க முடியுமா? சிப்காட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், லேபர் கான்ட்ராக்டர் வேனில் ஏற்றிக்கொண்டு போய் வேனிலேயே இறக்கிவிடுகிறான், மேஸ்திரியும் இந்தியில்தான் திட்டுகிறான், இதில் அவர்கள் தமிழை எங்கே போய்க் கற்பார்கள்? அதிலும் இந்தப் பையன்களாவது தெருவுக்குள் இருக்கிறார்கள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே தகர ஷெட்டில் தங்க வைத்திருக்கிறார்களே, அவர்கள் ஊருக்குள் வருவதே ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கத்தான். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது பையன்கள் மூட்டை கட்டிவிட்டார்கள், நான்தான் ஊரில் இருக்கிற அவர்கள் குடும்பத்தோடு வீடியோ காலில் என் உடைந்த இந்தியில் பேசி நிறுத்தினேன். தப்பும் தவறுமாக நான் பேசியதைக் கேட்டு அந்தப் பக்கம் சிரித்தார்கள், அதிலேயே பாதி பயம் போய்விட்டது.

அதற்காக மொழி தேவையில்லை என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு ஊரில் பிழைக்க வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வர வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. நம் ஊரையே எடுத்துக்கொள், பாகலூர் பக்கம் தெலுங்கு, தளிப் பக்கம் கன்னடம், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருது, உழவர் சந்தையில் கீரை விற்கிற அம்மா ஆளைப் பார்த்து மொழியை மாற்றிக்கொண்டே இருப்பார். 2006ல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது நான் சரி என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் தெலுங்கு, உருதுப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போதுமான வாத்தியார்களைப் போட்டார்களா என்று கேள். அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விலக்குக் கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள், விலக்கும் கிடைத்தது. பிடிவாதக்காரர்கள் என்று அவர்களைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அந்த வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? கற்றுக்கொள் என்று கட்டளை போடுகிறவன் வாத்தியாரையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, அங்கே ஹாம் நகரத்துக் காமாட்சியம்மன் தேர்த் திருவிழாப் போட்டோக்களை அனுப்பினாயே, வீடு முழுக்கக் காட்டினேன். தொழிற்பேட்டைக்குள் அவ்வளவு பெரிய கோபுரம், கால்வாயில் தீர்த்தவாரி, ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஜனங்கள் கட்டி, 2002ல் கும்பாபிஷேகம் செய்த கோயில். உனக்குப் பெருமையாக இருந்தது, எனக்கும்தான். அப்போது நீ "நம்ம ஆளுங்க கலக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லவில்லையே. கொலோன் நகரில் துருக்கிக்காரர்கள் பெரிய பள்ளிவாசல் கட்டப்போனபோது மினார் உயரத்துக்காக வருஷக்கணக்கில் தகராறு நடந்ததே, அந்த இடத்தில் மட்டும் உனக்கு ஏன் ஊர்க்காரன் கோபம் நியாயமாகத் தெரிகிறது?

எங்கள் பழக்கம் என்று சொல்லி எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அஞ்செட்டி மலைப் பக்கம் பதினாலு, பதினைந்து வயசுப் பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டு எங்கள் வழக்கம் என்கிறார்கள், அதிகாரிகள் போய் நிறுத்துகிறார்கள், நிறுத்தத்தான் வேண்டும். அங்கேயும் அப்படித்தான், பெண்ணை அடிக்கிறவனுக்குத் துருக்கிக்காரன், ஜெர்மன்காரன், தமிழன் என்று தனித்தனிச் சட்டம் கிடையாது. உடுப்பு, சாப்பாடு, கோயில் எல்லாம் அவரவர் பாடு.

உனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்கிறேன். மொழி ஒன்றானால் எல்லாம் சரியாகிவிடும் என்று அங்கே பேசுகிறவர்களை நம் தர்மபுரிக்கு அனுப்பு. 2012 நவம்பரில் நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியில் சாதி மாறி நடந்த ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்துத் தலித் ஜனங்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள், பக்கத்துக் காலனிகளையும் சேர்த்து இருநூறுக்கு மேல். கொளுத்தியவர்கள் பேசியதும் எரிந்த வீட்டுக்காரர்கள் பேசியதும் ஒரே தமிழ், ஒரே சந்தை, ஒரே பஸ். இதற்கு மேல் அந்த ஜனங்கள் இன்னும் எப்படிக் கலக்க வேண்டும்? நம் தெருவிலேயே வீடு காலியாக இருக்கிறது என்றால் முதலில் என்ன ஆள் என்றுதான் கேட்கிறார்கள், தமிழ் தெரியுமா என்றா கேட்கிறார்கள்? நீ ஸ்டுட்கார்ட்டில் வீடு தேடி அலைந்தபோது போனில் உன் பேரைச் சொன்னதும் வீடு போய்விட்டது என்றார்களாமே, உன் ஜெர்மன் சிநேகிதன் அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால் இருக்கிறது என்றார்களாமே. அன்றைக்கு உனக்கு எவ்வளவு கோபம் வந்தது. உனக்கு ஜெர்மன் நன்றாக வரும், வரியும் ஒழுங்காகக் கட்டுகிறாய், இருந்தும் வீட்டுக்காரருக்கு உன் பேரே போதுமாக இருந்தது. அதனால் ஒரு நாடு எப்படிப்பட்டது என்று பார்க்க நான் திருவிழாவையும் சாப்பாட்டுக் கடையையும் எண்ண மாட்டேன், யாருக்கு வாடகை வீடு கிடைக்கிறது என்றுதான் பார்ப்பேன். கனடாக்காரர்கள் 1971லேயே பல பண்பாடு எங்கள் கொள்கை என்று அறிவித்து 1988ல் சட்டமே போட்டுவிட்டார்கள், நல்லதுதான், ஆனால் அதே நாட்டில் கியூபெக் மாகாணம் 2019ல் அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேருகிற ஆசிரியை தலையில் முக்காடு போடக்கூடாது என்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. காகிதத்தில் எழுதிவிட்டால் முடிந்துவிடும் காரியமில்லை இது.

சரி, ஜெர்மன் குடியுரிமை விஷயம். ஐந்து வருஷம் ஆகிவிட்டது, விண்ணப்பம் போடலாமா என்று கேட்டிருந்தாய். 33 கேள்வியில் 17 சரியாகச் சொன்னால் தேர்வு முடிந்தது என்கிறாய், அது உனக்கு ஒன்றுமில்லை. 2024லிருந்து அவர்கள் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை என்றாலும் நம் நாடு இரண்டை ஒத்துக்கொள்ளாது, இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது எனக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எடுத்துக்கொள் என்பதுதான் என் யோசனை. வரி கட்டுகிற ஊரில் ஓட்டு இல்லாமல் எத்தனை வருஷம் இருப்பாய், உன்னைப் பற்றி யார் யாரோ மேடையில் பேசுகிறார்கள், உனக்கு ஒரு ஓட்டாவது இருக்கட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த நம் ஆட்களுக்கு இந்திய அரசாங்கம் கொடுக்கிற ஓசிஐ கார்டு எடுத்தால் வந்து போகத் தடையில்லை. அதை வைத்து விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் பரம்பரையாக வருகிற நிலம் உன் பேருக்கு வரலாம் என்று வக்கீல் சொன்னார். அப்பாவின் கவலையெல்லாம் அந்த மாந்தோப்புதான், அதை நீயே போன் செய்து அவரிடம் சொல், நான் சொன்னால் நம்ப மாட்டார்.

அம்மா