கையொப்பம் இல்லாத ஆணையைக் கருவி ஏற்கக் கூடாது

மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் நம் கடலோரக் கிராமத்தில் நடந்த புயல் ஒத்திகையின் அறிக்கையைப் படித்தேன். "தகவல் தொடர்பு திருப்திகரம்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அன்று என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும். கூடவே நின்றவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

டவர் இல்லாமலே கைக்கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்தும் மானெட் நமக்குத் தேவைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கம் பட்ட பாடு மறக்கக்கூடியதா? ஒரே செய்தியைக் குழுவுக்கு மொத்தமாக அனுப்பும் மல்டிகாஸ்ட்டும் சரியான தேர்வு. தனித்தனியாக அனுப்பினால் பேட்டரி தாங்காது.

ஆனால் அன்று, உங்கள் அனுமதியோடு, என் மாணவர் ஒருவர் அதே மாதிரிக் கருவியோடு பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்தார். குழுவில் சேர வழி கேட்ட கருவிகளுக்கெல்லாம், பெரிய வரிசை எண்ணைப் போட்டு (எண் பெரிதாக இருந்தால் அந்த வழியே புதியது என்று கருவி நம்பும்), "என்னிடம்தான் புதிய வழி இருக்கிறது" என்று பதில் அனுப்பினார். அவ்வளவுதான். கிழக்குத் தெருக் கருவிகள் ஐந்தும் அவர் பக்கம் சாய்ந்தன. நீங்கள் அனுப்பிய "உடனே முகாமுக்கு வாருங்கள்" அவரிடமே நின்றுபோனது. அடுத்து, கட்டுப்பாட்டு அறையின் பெயரில் அவரே "ஆபத்து நீங்கியது, வீடு திரும்பலாம்" என்று அனுப்பினார். சுயஉதவிக் குழு அக்கா அதை மைக்கில் வாசித்தார். காலையிலேயே மூட்டையோடு கிளம்பியிருந்த ஒரு பாட்டி, தெருமுனையில் நின்று கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். நான் ஓடிப்போய்த்தான் நிறுத்தினேன். ஒத்திகை என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது கருவியின் பழுது அல்ல. இப்படி வழி கேட்டும் பதில் சொல்லியும் பாதை அமைக்கும் ஏஓடிவி வழித்தட முறையை வகுத்த 2003-ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 3561 என்ற இணைய நெறிமுறை ஆவணமே, தான் பாதுகாப்பு ஏற்பாடு எதையும் வகுக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நாம்தான் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே ரகசியச் சாவி கொடுத்தால் போதும் என்றார் கூட்டத்தில் ஒருவர். போதாது. அந்தச் சாவி உள்ள எவரும் கட்டுப்பாட்டு அறையாகப் பேசலாம். ஒவ்வொரு ஆணையும், அனுப்பியவர் மட்டுமே போடக்கூடிய, மற்றவர்கள் சரிபார்க்கக்கூடிய டிஜிட்டல் கையொப்பத்தோடு வர வேண்டும். வழி சொல்லும் பதிலும் சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு கருவி தொலைந்தால் அன்றே குழுச் சாவி மாற வேண்டும். கையொப்பம் சிறு கருவிக்குப் பாரம் என்றால், சாவியைத் தாமதமாக வெளியிட்டுச் சரிபார்க்கும் டெஸ்லா முறை 2005-லேயே ஆர்எஃப்சி 4082 ஆக வந்துவிட்டது. கருவிகளின் கடிகாரங்கள் ஓரளவு ஒத்துப்போனால் போதும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் மானெட் பாதுகாப்பு பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் அலமாரியில் கிடக்கின்றன. பல, கணினியில் பாவனையாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனோடு நின்றுவிட்டன, அதில் எங்கள் தவறும் உண்டு. ஆனால் வாங்கும் குழு எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டதா? டெண்டர் வரைவில் தண்ணீர் புகாத உறைக்கு அரைப் பக்கம் இருக்கிறது. செய்தி அனுப்பியது யார் என்று சரிபார்க்க ஒரு வரிகூட இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கருவிகள் வந்துவிடும் என்கிறார்கள். டெண்டர் இறுதியாகும் முன், கையொப்பமோ அதற்கு ஈடான சரிபார்ப்போ இல்லாத ஆணையைக் கருவி ஏற்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தயவுசெய்து சேருங்கள். நேரம் ஒதுக்கினால், நானும் அந்த மாணவரும் உங்கள் அலுவலகத்துக்கே வந்து செய்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒத்திகையில் உடனிருந்த கணினித் துறை ஆசிரியர்