பப்லுவையும் கூட்டிக்கொண்டு வா

அன்பு மகள் சுகந்திக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வரவில்லை. மூன்று தடவை எடுத்து, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

லீவுக்குக் காரிலேயே வருகிறோம், பப்லுவை மட்டும் பெங்களூரில் நாய் விடுதியில் விட்டுவிட்டு வருகிறோம் என்று போன வாரம் சொன்னாய். ஏன் என்றதற்கு, "சின்ன வயசுல மணிக்கு நான் பண்ணின மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்குப்பா" என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

1993 மே மாதம். நாம் கொடைக்கானல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பாவின் அம்பாசடர். உனக்கு ஏழு வயது. மலை ஏறும்போது வத்தலக்குண்டு தாண்டியதுமே ஆரம்பித்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தாய். அம்மா எலுமிச்சம்பழத்தை உன் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். மணி உன் காலடியில் படுத்துக்கொண்டு, தானும் எச்சில் ஒழுக்கிக்கொண்டு வந்தது. நாய்க்கும் வண்டி குமட்டும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? சிப்பிப்பாறைக் கலப்பு என்பதால் வேட்டை நாய், எதையும் தாங்கும் என்று நினைத்தோம்.

இறங்கி வரும்போது விருதுநகரில் பரோட்டா சாப்பிடாமல் போவதில்லை என்று பிடிவாதம் பிடித்தது நான். அப்போது அந்த நெடுஞ்சாலை என்.எச். 7, இரு பக்கமும் புளியும் வேம்புமாக இருக்கும். மதியம் ஒரு மணி. கடைக்கு எதிரே வேப்பமர நிழலில் வண்டியை விட்டேன். மணியை உள்ளேயே விட்டோம். கடன் வாங்கிய கேமராவும் உள்ளே இருந்தது. அதனால் நீங்கள் இறங்கிய பிறகு நான்கு கண்ணாடிகளையும் நான்தான் சுழற்றி ஏற்றினேன். இரண்டு விரல் இடைவெளி விட்டேன், அது போதும் என்ற எண்ணம். பரோட்டா வர நேரமானது. அரை மணி நேரத்துக்குள் நிழல் நகர்ந்து, வெயில் வண்டிமேல் வந்துவிட்டது.

மற்றதெல்லாம் உனக்கே ஞாபகம் இருக்கும். வாயில் நுரை, கருத்துப்போன நாக்கு, நிற்க முடியாத கால்கள். பக்கத்தில் லாரி கழுவிக்கொண்டிருந்த கிளீனர் பையன் ஓடிவந்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீரை ஊற்றி, துண்டால் விசிறிப் பிழைக்க வைத்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தப் பதற்றத்தில் உன்னைப் பார்த்து, "நீதானே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, கண்ணாடிய ஏத்திட்டு வந்தியா?" என்று கத்தினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சாத்தூர் வரைக்கும் அழுதுகொண்டு வந்தாய். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஏத்தினது நான், சுகந்தி. நீ இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முதலில் வெட்கம், அப்புறம் நீ மறந்திருப்பாய் என்ற நினைப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் நீ இதைச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று போன வாரம்தான் தெரிந்தது.

அதனால் பப்லுவை விட்டுவிட்டு வராதே. பயம் நியாயமானதுதான். ஆனால் அது உன் கைமேல் வரவேண்டிய பயம் இல்லை. நிறுத்திய கார் வெயிலில் பத்து நிமிஷத்திலேயே பத்து டிகிரி அளவுக்குச் சூடேறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய் நம்மைப் போல வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மணிக்காவது நீள மூக்கு. பப்லு பக் சாதி, மூக்கே கிடையாது, அதற்கு மூச்சு வாங்குவதே பாதிதான் பலிக்கும். அது வருகிற காரில் ஏசி ஓடியே ஆகவேண்டும். நிறுத்தினால் அதனோடு ஒருவர் இருக்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் முறை வைத்துச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதே விதிதான். மகி தூங்குகிறாளே என்று வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது, இரண்டு நிமிஷம்கூட.

கத்திரி தொடங்குமுன் வந்துவிடுங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் தொப்பூர் கணவாய் வரும்போது வெளிச்சம் இருக்கும். அந்த இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் வருகிற லாரிகள் உண்டு. மாப்பிள்ளை நன்றாகத்தான் ஓட்டுவார், தெரியும். இருந்தாலும் அங்கே கியரைக் குறைத்து, லாரிக்குப் பின்னால் தள்ளியே வரச் சொல். 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கூகுள் சொல்கிற நேரத்தோடு மூன்று மணி நேரம் கூட்டிக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவதற்கு அது வேண்டும்.

மகியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காராதே. நாங்கள் உன்னை அப்படித்தான் கொண்டுபோனோம், அது எங்கள் அறியாமை. குழந்தை சீட்டில் பின்னால் கட்டிவிடு. 14 வயதுக்குக் கீழே பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். அபராதத்தை விடு, பிரேக் அடித்தால் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. பப்லுவுக்கும் பெல்ட்டில் மாட்டுகிற மார்ப்பட்டை வாங்கு. கழுத்துப் பட்டையில் மாட்டினால் குரல்வளை நெரியும்.

கவின் உன்னைக் கொண்டு பிறந்தவன், வாந்தி எடுப்பான். கையில் போனைக் கொடுக்காதே. கண், நாம் அசையாமல் இருக்கிறோம் என்கிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு, ஓடுகிறோம் என்கிறது. அந்தச் சண்டையில்தான் வயிறு புரளுகிறது. தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். லாரிகளில் எத்தனை நாமக்கல் லாரி என்று எண்ணச் சொல். பப்லுவுக்குக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடு, தண்ணீர் மட்டும் கொடு. இப்போதிருந்தே தினமும் கால் மணி நேரம் காரில் ஒரு சுற்று கூட்டிப் போ, இல்லாவிட்டால் கார் என்றாலே ஊசி போடப் போகிறோம் என்று நடுங்கும். ரேபிஸ் ஊசி போட்ட புத்தகத்தை எடுத்துவா. கழுத்தில் உன் போன் நம்பரைத் தொங்கவிடு. கயிற்றைக் கையில் பிடித்த பிறகுதான் கதவைத் திற. ஹைவேயில் தாவி ஓடிய நாயைத் திரும்பப் பார்ப்பது அபூர்வம்.

பரமத்தி வேலூர் பக்கம் காவிரிப் பாலத்துக்கு முன்னால் வாழைத்தோப்பாக வரும், காலைச் சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்துங்கள். பாலத்திலிருந்து ஆற்றைக் காட்டு, இறங்கவிடாதே. திண்டுக்கல்லில் பிரியாணி வாங்குவீர்கள், வாங்காமல் எப்படி? ஆனால் கவின் இரக்கப்பட்டு பப்லுவுக்கு அள்ளிப் போடுவான், கவனம். வெங்காயம் நாய்க்கு ஆகாது, வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும், திராட்சையும் சாக்லேட்டும் விஷம். இதைக் கவினுக்கே ஒரு வேலையாகக் கொடுத்துவிடு. பப்லுவுக்கு யாரும் எதுவும் போடாமல் பார்ப்பது அவன் பொறுப்பு என்று சொன்னால், அவனே தங்கச்சியை அதட்டுவான்.

திண்டுக்கல்லுக்கு மேல் உச்சி வெயில். அங்கிருந்து வீடு வரைக்கும் முடிந்தவரை நிறுத்தாமல் வாருங்கள். வெறும் காலோடு நாயைத் தார்ச்சாலையில் இறக்காதே. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பார், உன்னால் தாங்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது. வழியில் வண்டி மக்கர் பண்ணினால் 1033-க்கு அடி, நெடுஞ்சாலைக்காரர்கள் வருவார்கள்.

விருதுநகரைத் தாண்டும்போது அந்த இடத்தைத் தேடாதே. நான்கு வழிச்சாலை போட்டபோதே மரத்தை வெட்டிவிட்டார்கள். சாத்தூர் வந்ததும் ஒரு போன் அடி, நான் பைபாஸ் பிரிவில் வந்து நிற்கிறேன்.

எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இப்பவாவது எழுதுனீங்களே" என்றாள். பரணிலிருந்து மணியின் அலுமினியக் கிண்ணத்தை இறக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, தண்ணீர்த் தொட்டி ஓரம் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா
கோவில்பட்டி